நருமதைக் கரையின் நல்லரசி

நாட்டை ஆண்டவர்கள் பலர். மக்கள் நெஞ்சில் நிலைத்தவர்கள் சிலர். அச்சிலருள்ளும் பெண்டிரைத் தேடிக் கணக்கிட்டால் விரல்விட்டு எண்ணிவிடலாம். தில்லியில் அரியணை ஏறிய ரசியா, காகதீய நாட்டின் ருத்திரமாதேவி, அகமத்நகர்க் கோட்டையைக் காத்த சாந்த் பீபி, மதுரையின் மங்கம்மாள், சிவகங்கையின் வேலு நாச்சியார் என அமையும் அவ்வரிசையில், மாளவத்தை ஆண்ட அகல்யாபாய் ஹோல்கருக்குத் தனியிடம் உண்டு. அவ்வரிசையினர் பலரைப் போர்க்களம் புகழ் பெறச் செய்தது. அகல்யாபாயைப் புகழ் பெறச் செய்ததோ, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் அவர் காத்து நின்ற அமைதி. சூழ இருந்த நாடுகளெல்லாம் தீப்பற்றி எரிந்த பதினெட்டாம் நூற்றாண்டில், தம் நாட்டு உழவன் அச்சமின்றி ஏர் பூட்டவும், வணிகன் அச்சமின்றிக் கடை திறக்கவும் வழி செய்த பெருமை அவருடையது.

ஒரு தலைவரின் வாழ்க்கையைப் புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. அவர் எங்கே உறுதியாக நின்றார், எங்கே இயலாமல் போனார் என்று இரண்டையும் அறிந்தால்தான் அவ்வாழ்க்கை நமக்குப் பாடமாகும். அகல்யாபாயின் வாழ்க்கையில் இரண்டும் உள.

சிற்றூர்ச் சிறுமி

மராட்டிய மண்ணில், அண்மையில் அகில்யாநகர் எனப் பெயர் மாற்றம் பெற்ற அகமத்நகர் மாவட்டத்தில், சௌண்டி என்னும் சிற்றூரில் 1725-ஆம் ஆண்டு மே 31-ஆம் நாள் அகல்யா பிறந்தார். தந்தை மான்கோஜி சிந்தே அவ்வூரின் பட்டீல், அதாவது ஊர்த்தலைவர். ஆடு மேய்த்தலைக் குலத்தொழிலாகக் கொண்ட தன்கர் குடியினர். அரண்மனையோ ஆசிரியர் கூட்டமோ அறியாத எளிய வீடு அது. ஆயினும் பெண் மகளுக்கு எழுத்தறிவு தேவையில்லை என்று கருதப்பட்ட அந்நாளில், மகளுக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தவர் மான்கோஜி. அந்தச் சிறு முதலீடு பின்னாளில் ஒரு நாட்டுக்கே வட்டியோடு திரும்பி வந்தது.

புனே நோக்கிச் சென்றுகொண்டிருந்த பேஷ்வாவின் படைத்தலைவர் மல்ஹார்ராவ் ஹோல்கர் சௌண்டியில் தங்கினார் என்றும், அவ்வூர்க் கோயிலில் வழிபட்டு நின்ற எட்டு வயதுச் சிறுமியின் பணிவையும் அறிவையும் கண்டு மருமகளாக்கிக் கொள்ள விரும்பினார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. மல்ஹார்ராவும் தன்கர் குடியில் பிறந்தவரே. ஹோல் என்னும் ஊரைச் சேர்ந்தவராதலின் ஹோல்கர் எனப் பெற்றார். தோள்வலியால் உயர்ந்து மாளவத்தின் பெரும்பகுதிக்குத் தலைவரானவர் அவர். அவருடைய ஒரே மகன் கண்டேராவுக்கும் அகல்யாவுக்கும் 1733-இல் திருமணம் நிகழ்ந்தது. 1745-இல் மாலேராவ் என்னும் மகனும், 1748-இல் முக்தாபாய் என்னும் மகளும் பிறந்தனர்.

மாமனார் தந்த கல்வி

1754-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அகல்யாவின் வாழ்வு தலைகீழாயிற்று. பரத்பூரை ஆண்ட ஜாட் மன்னர் சூரஜ்மாலின் கும்பேர் கோட்டையை மராட்டியப் படை முற்றுகையிட்டிருந்தபோது, பீரங்கிக் குண்டு பட்டுக் கண்டேராவ் உயிர் நீத்தார். அகல்யாவுக்கு அப்போது வயது இருபத்தெட்டு. கணவனின் சிதையில் தாமும் ஏறுவதற்கு அவர் முடிவு செய்தார். அக்கால வழக்கம் அதனைத் தடுக்காது, போற்றவும் செய்யும்.

தடுத்தவர் மல்ஹார்ராவ். பெற்ற ஒரே மகனைப் பறிகொடுத்த அந்த முதியவர், மருமகளின் முன் நின்று மன்றாடினார். மகன் இறந்துவிட்டான், இனி மகனாக இருந்து தம்மையும் இவ்வரசையும் தாங்க வேண்டியவர் அகல்யாவே என்பது அவர் கூறியதன் சாரம். அகல்யா சிதையிலிருந்து விலகினார். அன்றுமுதல் வெள்ளாடை உடுத்தார், அணிகலன்களைத் துறந்தார்.

மல்ஹார்ராவின் பெருமை மருமகளைத் தடுத்ததோடு முடியவில்லை. வாழச் சொன்னவர் வாழ்வதற்கு ஒரு பணியையும் கொடுத்தார். வரி வரவு, படைச் செலவு, கடிதப் போக்குவரத்து, வழக்குத் தீர்ப்பு ஆகிய அனைத்தையும் மருமகளின் கையில் சிறிது சிறிதாக ஒப்படைத்தார். 1765-ஆம் ஆண்டளவில் அவர் அகல்யாவுக்கு எழுதிய கடிதங்கள் இதற்குச் சான்று. சம்பல் ஆற்றைக் கடந்து குவாலியர் நோக்கிச் செல்வதும், பெரிய பீரங்கிகளை உடன் கொண்டு செல்வதும், அவற்றுக்கு வேண்டிய வெடிமருந்தைச் சேர்த்து வைப்பதும் பற்றிய கட்டளைகள் அவற்றில் உள்ளன. மருமகளுக்கு மாமனார் எழுதும் கடிதத்தில் நலம் கேட்கும் வரிகள் இருப்பது இயல்பு. பீரங்கிக் கணக்கு இருப்பது எவ்வளவு அரிது!

இழப்பின் மேல் இழப்பு

1766-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் மல்ஹார்ராவ் மறைந்தார். பெயரன் மாலேராவ் பட்டத்துக்கு வந்தான். அவன் நிலையான மனத்தினன் அல்லன். அந்தணர்க்கு ஈயும் ஆடைகளுக்குள்ளும் காலணிகளுக்குள்ளும் தேளை ஒளித்து வைத்து, அவர்கள் துடிப்பதைக் கண்டு நகைப்பான் என்று கூறுவர். தாயின் அறமும் மகனின் கொடுமையும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. குற்றமற்ற பூவேலைத் தொழிலாளி ஒருவனைத் தவறாக ஐயுற்றுக் கொன்றுவிட்டு, உண்மை தெரிந்தபின் அக்கழிவிரக்கத்தாலேயே மாலேராவ் பித்துற்றான் என்பது மாளவ மக்கள் நம்பிய செய்தி. இரவும் பகலும் படுக்கையருகில் அமர்ந்திருந்த தாயால் அவனைக் காக்க இயலவில்லை. 1767-இல், பட்டமேற்று ஓராண்டு நிறையும் முன்பே அவன் இறந்தான்.

கணவன், மாமனார், மகன் என மூவரையும் பதின்மூன்று ஆண்டுகளுக்குள் இழந்த நாற்பத்தொரு வயதுப் பெண் தனித்து நின்றார். அவர் கண்ணீரைத் துடைத்துக் கொள்வதற்குள் பகை வாயிலில் வந்து நின்றது.

எதிர்த்து நின்ற துணிவு

பகை முதலில் வீட்டுக்குள்ளிருந்தே எழுந்தது. ஹோல்கர் அரசின் திவானாக இருந்த கங்காதர் யஷ்வந்த், சிறுவன் ஒருவனைத் தத்தெடுத்து அரியணையில் அமர்த்தலாம் என அகல்யாபாயிடம் கூறினார். குழந்தை பெயருக்கு அரசனாக, தாம் உண்மையில் ஆளலாம் என்பது அவர் எண்ணம். ஒருவர் மனைவியாகவும் மற்றொருவர் தாயாகவும் இருந்த தமக்கே அவ்வரசைப் பற்றி முடிவு செய்யும் உரிமை உண்டு என்று அகல்யாபாய் மறுத்துவிட்டார். திவான், பேஷ்வாவின் சிற்றப்பரான ரகுநாதராவுக்குத் தூது அனுப்பினார். ஆளில்லாத அரசு என்று கேள்வியுற்ற ரகுநாதராவ் படையோடு வந்தார்.

அகல்யாபாய் அப்போது செய்தவற்றை வரிசையாக நோக்கினால் அவருடைய அரசியல் அறிவு விளங்கும். முதலில், தம் படைத்தலைவர்களின் உறுதிமொழியைப் பெற்றார். அடுத்து, சிந்தியா, போன்சுலே முதலிய மராட்டியத் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார். இன்று தமக்கு நேர்வது நாளை அவர்களுக்கும் நேரலாம் என்பதை அவர்கள் உணர்ந்தனர். ரகுநாதராவுக்குத் துணைபோக மறுத்தனர். மூன்றாவதாக, புனேயில் இருந்த பேஷ்வா மாதவராவிடமே நேராக முறையிட்டார். இளைஞராயினும் நேர்மையாளரான மாதவராவ், அகல்யாபாயின் உரிமையை ஏற்றுத் தம் சிற்றப்பரைத் தடுத்து எழுதினார். இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே, தாம் யானைமீது அமர்ந்து படைநடத்துவதற்கும் அகல்யாபாய் ஆயத்தமானார்.

பெண்ணொருத்தியை வென்றால் ரகுநாதராவுக்குப் புகழ் வரப்போவதில்லை. தோற்றாலோ இகழ்ச்சி என்றும் நீங்காது என்னும் பொருள்பட அவர் ஓலை அனுப்பியதாக மாளவத்தில் இன்றும் சொல்லக் கேட்கலாம். சிப்ரா ஆற்றின் கரைவரை வந்த படை ஆற்றைக் கடக்கவில்லை. மாலேராவின் மறைவுக்குத் துக்கம் கேட்க வந்ததாகச் சொல்லித் திரும்பும் நிலை ரகுநாதராவுக்கு ஏற்பட்டது என்பர். ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் கிடைத்த அவ்வெற்றியே அகல்யாபாயின் முதல் அரசியல் வெற்றி.

ஆட்சிப் பொறுப்பேற்றதும் அவர் செய்த முதற்செயல் இன்னும் வியப்புக்குரியது. படைத்தலைமையைத் துக்கோஜி ஹோல்கரிடம் ஒப்படைத்தார். அதே குலப்பெயர் உடையவரேனும் துக்கோஜி மல்ஹார்ராவின் நெருங்கிய உறவினர் அல்லர். அகல்யாபாயைவிட வயதில் மூத்தவர். ஆயினும் அகல்யாபாயைத் தாய் என்றே அழைத்தார். வாள் ஒருவர் கையிலும் கோல் ஒருவர் கையிலும் இருந்தும், மூன்று பத்தாண்டுகளுக்கு அண்மையாக அவ்விருவருக்கும் இடையே பெரும்பிளவு நேராமல் நடந்தது அக்கால வரலாற்றில் காண்டற்கரிய காட்சி.

ஒரு நாளின் ஒழுங்கு

நருமதையாற்றின் வடகரையில் உள்ள மகேசுவரத்தை அகல்யாபாய் தம் தலைநகராக்கிக் கொண்டார். அங்கு அவர் வாழ்ந்த மாளிகையில் ஆடம்பரம் இல்லை. விடியலுக்கு ஒரு நாழிகைக்கு மேல் இருக்கும்போதே எழுவார். வழிபாடு முடித்து, புராணங்களைப் படிக்கக் கேட்பார். பிறகு தம் கையாலேயே ஈகை செய்வார். ஏழைகளுக்கும் அந்தணர்க்கும் உணவளித்த பின்பே தாம் உண்பார். தம் குடியினர்க்குப் புலால் விலக்கன்று. ஆயினும் அவர் மரக்கறி உணவே கொண்டார். சிறிது ஓய்வுக்குப் பின், பிற்பகல் இரண்டு மணிக்கு அவையில் வந்து அமர்வார். மாலை ஆறு மணிவரை அரசியல். மீண்டும் வழிபாடு, எளிய உணவு. இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பதினொன்று வரை மறுபடியும் அரசியல். விழாவும் நோன்பும் நாட்டின் நெருக்கடியும் தவிர வேறெதுவும் இவ்வொழுங்கை மாற்றியதில்லை.

திரை மறைவில் அமர்ந்து ஆளும் வழக்கத்தை அவர் மேற்கொள்ளவில்லை. குடிகள் நேரில் வந்து குறை சொல்லலாம். எத்துணைச் சிறிய வழக்காயினும் பொறுமையாகக் கேட்பார். தக்கவற்றை ஊர்ப் பஞ்சாயத்துக்கு அனுப்புவார். அங்கே நீதி கிட்டாதவர்க்குத் தம் அவையைத் திறந்து வைப்பார். புனே, ஐதராபாத், சீரங்கப்பட்டினம், நாகபுரி, இலக்னோ, கல்கத்தா ஆகிய இடங்களில் அவருடைய தூதர்கள் இருந்தனர். நிசாமும் திப்பு சுல்தானும் அவரிடம் மதிப்புக் கொண்டிருந்தனர். அவருடைய நீண்ட வாழ்நாளுக்காக இந்துக்களோடு இசுலாமியரும் இறைவனை வேண்டினர் என்பது பதிவாகியுள்ள செய்தி.

குடிகளின் உடைமை

மிதமான வரி, ஊர் அலுவலரின் வழிவழி உரிமையில் தலையிடாமை ஆகிய இரண்டும் அவர் ஆட்சியின் அடித்தளங்கள். அலுவலர்களை அவர் அடிக்கடி மாற்றியதில்லை. இந்தூரில் வரி தண்டும் அலுவலர் ஒருவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் அப்பதவியிலேயே இருந்தார். நாளை எவன் வருவானோ என்னும் அச்சம் இன்றிக் குடிகள் வாழ முடிந்ததற்கு அதுவும் ஒரு காரணம். சிற்றூராக இருந்த இந்தூர் செல்வம் கொழிக்கும் நகரமாக வளர்ந்தது அவர் காலத்தில்தான். மகேசுவரத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். அவர் ஊன்றிய அத்தொழில் இன்றும் மகேசுவரிச் சேலை என்னும் பெயரோடு வாழ்கிறது.

பிள்ளையின்றி இறப்பவரின் பொருளை அரசு எடுத்துக்கொள்வதும், கைம்பெண் தத்தெடுக்க விரும்பினால் பெருந்தொகை கேட்பதும் அக்கால அரசுகள் பலவற்றின் வழக்கம். அகல்யாபாய் அதற்கு இடந்தரவில்லை. தேவிசந்து என்னும் செல்வர் பிள்ளையின்றி இறந்தபோது, இந்தூர் அருகே பாசறை அமைத்திருந்த துக்கோஜி, அருகிலிருந்தோர் தூண்டுதலால் அப்பொருளில் பங்கு பெற விரும்பினார். செல்வரின் மனைவி மகேசுவரத்துக்கு ஓடிவந்து முறையிட்டார். அரசியார் அவருக்கு ஆடை வழங்கிச் சிறப்பித்து, கணவனின் வீட்டுக்கும் பொருளுக்கும் அவரே உரியவர் என உறுதி செய்தார். அதே வேளையில் துக்கோஜிக்கு ஓர் ஆணை சென்றது. இந்தூரைவிட்டுச் சிறிது தொலைவு விலகிச் செல்க, முறையற்ற தண்டலால் நகரைத் துன்புறுத்தற்க என்பது அதன் பொருள். நாட்டின் முழுப்படையும் தம் கையில் இருந்தும், துக்கோஜி மறுபேச்சின்றிப் படையை நகர்த்திச் சென்றார். தாமே கைம்பெண்ணாக நின்று உரிமைக்குப் போராடிய ஒருவர், மற்றொரு கைம்பெண்ணின் உரிமையை மறவாதது அவருடைய அறத்தின் சிகரம்.

மலைமக்களும் வழிப்போக்கரும்

விந்திய, சாத்புரா மலைகளில் வாழ்ந்த பீல் மக்கள் வழிப்பறியில் ஈடுபட்டதால் வணிகப் பாதைகள் அஞ்சத்தக்கனவாக இருந்தன. அகல்யாபாய் முதலில் கடுமை காட்டினார். கொள்ளைத் தலைவர் சிலர் தண்டிக்கப்பட்டனர். ஆனால் தண்டனையோடு அவர் நின்றுவிடவில்லை. தங்கள் எல்லை வழியே செல்லும் சரக்குக்குச் சிறு கட்டணம் பெறும் பீல்களின் பழைய உரிமையை ஏற்றுக்கொண்டார். அதற்கு ஈடாக அவர்கள் தரிசு நிலத்தைத் திருத்தவும், பாதையைக் காக்கவும், தம் எல்லைக்குள் களவுபோன பொருளை மீட்டுத் தரவும் கடமைப்பட்டனர். கொள்ளையிட்டவனே காவலன் ஆனான்.

படைவலி அவருக்குத் தேவைப்படாமலும் இல்லை. ராம்புராவின் சந்திராவத் இராசபுத்திரர் மீண்டும் மீண்டும் கிளர்ந்தபோது அவருடைய படைகள் போரிட்டு அடக்கின. அமைதி என்பது கோழைமையால் வருவதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

அறப்பணிகள்

ஹோல்கர் குடும்பப் பெண்டிர்க்கென ஒதுக்கப்பட்டிருந்த நிலங்களின் வருவாய், அரசின் பொது வருவாயினின்றும் தனியாக இருந்தது. அகல்யாபாயின் அறப்பணிகள் இவ்வுடைமையைச் சார்ந்து நடைபெற்றன. அவை அவருடைய நாட்டெல்லைக்குள் அடங்கவில்லை. 1669-இல் இடிக்கப்பட்ட காசி விசுவநாதர் கோயில் இன்று நாம் காணும் வடிவில் எழுந்தது 1780-இல் அவர் கொடையால்தான். கயையின் விட்டுணுபாதக் கோயில், எல்லோராவின் கிருஷ்ணேசுவரர் கோயில் ஆகியவற்றையும் புதுப்பித்தார். சோமநாதத்தில் புதுக்கோயில் எடுப்பித்தார். வடக்கே கேதாரம், கிழக்கே புரி, மேற்கே துவாரகை, தெற்கே நம் இராமேசுவரம் என நான்கு திசையிலும் அவருடைய அறநிலைகள் இருந்தன. தென்னகக் கோயில்களின் திருமுழுக்குக்குக் கங்கை நீர் ஆண்டுதோறும் ஆயிரம் கல் தொலைவுக்கு மேல் சுமந்து வரப்பட்டது.

பெருங்கோயில்களைக் கட்டியவர் பலர். அகல்யாபாயைத் தனித்துக் காட்டுவன அவருடைய சிற்றறங்களே. கோடையில் வழிப்போக்கர்க்கு நீர் வழங்கப் பாதைகளில் ஆட்களை நிறுத்தினார். குளிர்காலத்தில் ஏவலர்க்கும் வறியவர்க்கும் ஆடை கொடுத்தார். மகேசுவரத்தைச் சுற்றிய வயல்களில் நண்பகல் வேளையில் உழவனின் ஏரை நிறுத்திக் காளைகளுக்கு நீர் காட்டப் பணியாளர்கள் சென்றனர். விளைந்த கதிரிலிருந்து உழவர் பறவைகளை விரட்டுவதைக் கண்டு, சில வயல்களை விலைக்கு வாங்கி விளைச்சலைப் பறவைகளுக்கே விட்டுவைத்தார். முல்லைக்குத் தேரும் மயிலுக்குப் போர்வையும் ஈந்த வள்ளல்களைப் பாடிய தமிழ்ப் புலவர்கள் அவ்வயல்களைக் கண்டிருந்தால் என்ன பாடியிருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க இயலவில்லை.

அரசியும் கவிஞரும்

பாடியிருந்தாலும் அவர் கேட்டிருப்பாரா என்பது வேறு வினா. அந்தணப் புலவர் ஒருவர் அகல்யாபாயைப் புகழ்ந்து நூலொன்று இயற்றி அவைக்குக் கொண்டுவந்தார். அரசியார் இறுதிவரை பொறுமையாகக் கேட்டார். தாம் குற்றம் குறை உள்ள எளியவள், இத்தகைய புகழுக்கு உரியவள் அல்லள் என்று கூறி, அந்நூலை நருமதையில் எறியுமாறு பணித்தார். அதன்பின் அப்புலவரைப் பற்றி அவர் எண்ணவேயில்லை. இக்காலத்துக் கவியரங்குகளும் பாராட்டு விழாக்களும் நினைவில் கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது. பரிசில் பெறாமல் திரும்பிய அப்புலவர்மேல் நமக்கு இரக்கம் தோன்றுவதும் இயல்பே. ஆனால் ஏட்டை ஆற்றில் விட்டவர் எழுத்தை வெறுத்தவர் அல்லர்.

சங்கமனேரைச் சேர்ந்த அனந்தபந்தி என்னும் மராட்டியக் கவிஞர் இலாவணியும் தமாசாவும் பாடிக் கூட்டங்களை மயக்கியவர். மகேசுவரம் வந்த அவருடைய புலமையை அரசியார் மதித்தார் என்றும், இத்தகைய நாவன்மை இறைபுகழ் பாடப் பயன்படலாகாதா என்று கேட்டார் என்றும், அன்றுமுதல் அவர் கீர்த்தனம் பாடும் நெறிக்கு மாறினார் என்றும் மராட்டிய இலக்கிய மரபு கூறுகிறது. புகழ் தேடி வந்த ஏட்டை நீரில் விட்டவரும், திறமையைத் திசைதிருப்பிக் காத்தவரும் ஒருவரே. கவிஞனிடம் தமக்கு என்ன கிடைக்கும் என்று அவர் பார்க்கவில்லை. கவிஞனால் மக்களுக்கு என்ன கிடைக்கும் என்று பார்த்தார்.

நூல் ஆற்றில் மூழ்கியது, புகழ் மூழ்கவில்லை. அவரைக் கண்ணால் கண்டிராத ஸ்காத்லாந்துப் பெண்கவிஞர் ஜோவன்னா பெய்லி, அவரைப் பாடுபொருளாகக் கொண்டு எழுதிய நீண்ட கவிதை 1849-இல் வெளிவந்தது. கேட்டுப் பெற முடியாததும் தடுத்து நிறுத்த முடியாததும் புகழ் ஒன்றே போலும்.

ஆற்றங்கரையில் ஒரு சிதை

அகல்யாபாயின் வாழ்வில் மிகக் கொடிய நாள் அவருடைய முதுமையில் வந்தது. மகள் முக்தாபாயை யஷ்வந்தராவ் பன்சே என்னும் வீரருக்கு மணம் செய்து கொடுத்திருந்தார். கொள்ளையரை அடக்குபவருக்கே மகளைத் தருவேன் என்று அறிவித்து அவரைத் தேர்ந்தார் என்பது வழங்கிவரும் கதை. முக்தாபாயின் ஒரே மகன் இளமையில் இறந்தான். அடுத்து, 1791-இல் கணவனும் இறந்தார். முக்தாபாய் உடன்கட்டை ஏற முடிவு செய்தார்.

தாய் மன்றாடினார். அரசி என்பதை மறந்து மகளின் முன் மண்ணில் வீழ்ந்தார். தாயை நெஞ்சார நேசித்த மகளோ அசையவில்லை. தாய்க்கு வயது முதிர்ந்துவிட்டது. சில ஆண்டுகளில் தாயும் மறைந்தபின், கணவனும் மகனும் இல்லாத தனக்கு வாழ்வு எதற்கு என்பதே அவருடைய விடை. அகல்யாபாய் சிதைவரை உடன் நடந்தார். இரண்டு அந்தணர்கள் அவருடைய கைகளைப் பற்றிக்கொண்டிருந்தனர். தீ மூண்டபோது அவருடைய உறுதி முழுவதும் உடைந்தது. கதறினார், பிடித்த கைகளை விடுவிக்க முயன்றார், தம் கைகளைத் தாமே கடித்துக்கொண்டார். நருமதையில் நீராடி மாளிகைக்குத் திரும்பியவர் மூன்று நாள் உணவின்றி, பேச்சின்றி இருந்தார். பின்னர் மகளின் நினைவாக அழகியதொரு மண்டபம் எழுப்பியதிலேயே சிறிது ஆறுதல் கண்டார்.

இருபத்தெட்டு வயதில் ஒரு சிதையிலிருந்து மீண்டவர், அறுபத்தாறு வயதில் மற்றொரு சிதையின்முன் கையற்று நின்றார். ஒரு படைத்தலைவரை ஓர் ஓலையால் நகரைவிட்டு நகர்த்தியவரின் ஆணை, சொந்த மகளிடம் செல்லவில்லை. ஏன்? மல்ஹார்ராவ் மருமகளுக்கு அன்பை மட்டும் தரவில்லை. நாளை விடிந்தால் செய்வதற்கு ஒரு கடமையையும் தந்தார். முக்தாபாய்க்குத் தாயின் அன்பு நிறைய இருந்தது. தாய்க்குப் பின்னும் தன்னைத் தாங்கும் கடமை ஒன்று இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. இன்னொன்றும் உண்டு. அவ்வழக்கம் தாயின் கண்ணீருக்கு அடங்குவதன்று, சட்டம் வேண்டியிருந்தது. இராம்மோகன் ராய் போன்றோரின் போராட்டத்துக்குப் பின் 1829-இல் வங்காளத்தில் அச்சட்டம் வந்தபோது, முக்தாபாய் மறைந்து முப்பத்தெட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கைம்பெண்களின் பொருளைக் காத்த நல்லரசியின் நாட்டில், கைம்பெண்களின் உயிரைக் காக்கும் ஆணை எழவில்லை என்னும் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மறைவும் அதன் பின்னும்

இறுதி ஆண்டுகள் அமைதியாகக் கழியவில்லை. 1793-இல் இலாக்கேரிப் போரில் ஹோல்கர் படை சிந்தியாவின் படையிடம் தோற்றது. மராட்டியரே மராட்டியரை அழிக்கும் காட்சியைக் கண்டு முதிய அரசி வருந்தினார். 1795-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், தம் எழுபதாம் வயதில் மகேசுவரத்தில் மறைந்தார்.

1797-இல் துக்கோஜியும் மறைந்தார். அவருடைய மக்கள் அரசுரிமைக்காகத் தம்முள் போரிட்டனர். அகல்யாபாய் வளர்த்த இந்தூரும் மாளவ ஊர்களும் கொள்ளையிடப்பட்டன. பிண்டாரிகள் நாட்டைச் சூறையாடினர். 1817 டிசம்பரில் மகித்பூர்ப் போரில் தோற்று, 1818 சனவரியில் மந்தசோர் உடன்படிக்கையால் ஹோல்கர் அரசு ஆங்கிலேயரின் மேலாண்மைக்கு உட்பட்டது. அப்போரில் ஆங்கிலப் படைப்பிரிவை நடத்திய சான் மால்கம்தான், பின்னர் மாளவத்தின் வரலாற்றை எழுதும்போது அகல்யாபாயின் புகழைக் கேட்டு முதலில் ஐயுற்றார். மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று எண்ணி, பல தரப்பினரிடமும் உசாவினார். உசாவ உசாவ வியப்பே மிகுந்தது. 1823-இல் வெளிவந்த அவருடைய நூலின் வழியாகவே இவ்வரசியின் அன்றாட வாழ்வை இன்று நாம் அறிகிறோம். பகைவனின் படைத்தலைவனே சான்றாளன் ஆனான்.

வரலாறு தரும் பாடம்

இந்தூரின் பல்கலைக்கழகமும் வானூர்தி நிலையமும் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. 1996-இல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2025-இல் அவருடைய முந்நூறாம் பிறந்த ஆண்டும் கொண்டாடப்பட்டது. சிலைகளும் பெயர்ப்பலகைகளும் நன்றியின் அடையாளங்கள். ஆயினும் பாடம் வேறிடத்தில் இருக்கிறது.

பெண்ணுக்கு ஆளும் திறம் உண்டா என்னும் வினாவுக்கு வரலாறு எப்போதோ விடை தந்துவிட்டது. அத்திறம் வெளிப்பட வேண்டுமானால், மகளுக்கு எழுத்தறிவித்த ஒரு மான்கோஜியும், மருமகளின் கையில் கணக்கேட்டைக் கொடுத்த ஒரு மல்ஹார்ராவும் வேண்டும். நம் வீடுகளில் அவ்விருவரும் இருக்கின்றனரா என்பதே இன்று கேட்க வேண்டிய வினா.

துயரத்திற்கு மருந்து கடமை என்பது இரண்டாவது பாடம். அகல்யாபாய் இழக்காதது எதுவுமில்லை. ஆயினும் பிற்பகல் இரண்டு மணிக்கு அவை கூடியது. தம் கண்ணீருக்காகப் பிறர் வழக்கு காத்திருக்கலாகாது என்பது அவருடைய ஒழுக்கமாக இருந்தது.

மூன்றாவது பாடம் சற்றே கசப்பானது. ஒருவரின் நற்பண்பில் மட்டும் ஊன்றி நிற்கும் நல்லாட்சி அவரோடு முடிந்துவிடுகிறது. அகல்யாபாய் நல்லவராக இருந்தார். தமக்குப்பின் நன்மையைக் காக்கும் அமைப்பை விட்டுச் செல்ல அவர் காலம் அவருக்கு வழி காட்டவில்லை. இருபத்தெட்டு ஆண்டு அமைதி சில ஆண்டுகளில் சிதைந்தது. அரசுக்கு மட்டுமன்றிச் சிறு கழகத்துக்கும் மன்றத்துக்கும் இது பொருந்தும். தொடங்கியவரின் உழைப்பைப் போற்றும் நாளில், தொடர வேண்டியவர்களையும் எண்ணிப் பார்ப்பதே முறை.

மகேசுவரத்தின் படித்துறையில் நருமதை இன்றும் ஓடுகிறது. புகழுரை மூழ்கியதும் மகளின் சாம்பல் கரைந்ததும் அந்த ஆற்றில்தான். கரையில் அவர் தொடங்கி வைத்த தறிகளின் ஓசை மட்டும் இன்னும் நிற்கவில்லை.